இணைச்சீர்ப் புடவை

கமலாத்தாள் ஒரு நாளைக்கு எத்தனை வார்த்தை பேசுகிறாள் என்று எண்ண இரண்டு கை விரல்களே போதும். விடிந்ததும் சொசைட்டிக்குப் பால் எடுக்கும் ஷைஜு வண்டியை வாசலில் நிறுத்தி, "சேச்சி, பால்" என்பான். "இந்தாப்பா" என்பாள். அத்தோடு சரி. பிறகு அந்த வீட்டில் மனுஷக் குரல் கேட்டால் அது டிவியில்தான். மகள் நர்மதா பெங்களூரில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை போனில் முகம் காட்டி, சாப்பிட்டீர்களா என்று கேட்டு, குழந்தையைக் காட்டிவிட்டு வைத்துவிடுவாள். அவளைக் குறை சொல்ல முடியாது. அதற்கு மேல் இந்தத் தாயிடம் பேச யாருக்கும் தைரியம் வந்ததில்லை.

நல்லேப்பிள்ளியில் இரண்டரை ஏக்கர் வயல், ஒரு மாடு, ஓட்டு வீடு, அறுபத்தொரு வயது. ஊரில் அவளுக்கு வீம்புக்காரி என்று பெயர். சும்மா வந்த பெயரில்லை, உழைத்துச் சம்பாதித்தது.

தாய் செத்தபோது தம்பி பூபதிராஜாவுக்கு ஆறு வயது, இவளுக்குப் பதினாறு. மூன்று வருடம் கழித்துச் சென்னிமலை என்பவருக்கு வாழ்க்கைப்பட்டபோது, சீர்த் தட்டோடு தம்பியையும் கையில் பிடித்துக்கொண்டு புருஷன் வீட்டுக்கு வந்தவள் அவள். குளிப்பாட்டி, பள்ளிக்கூடம் அனுப்பி, காய்ச்சல் வந்தால் மடியில் போட்டு வளர்த்தாள். அவன் மூணாறு மலையில், மாட்டுப்பட்டியில் மாட்டுப் பண்ணை வேலைக்குப் போனான். இங்கே இவள் புருஷன் வழியில் ஒரு பெண்ணைப் பார்த்து வாக்குக் கொடுத்துவிட்டாள். அவனைக் கேட்கவில்லை. வளர்த்தவளுக்குக் கேட்கத் தோன்றவில்லை.

அவனோ மலையில் சந்தனம் என்ற பெண்ணை விரும்பியிருந்தான். தேயிலை பறிக்கிறவர் வீட்டுப் பெண். கமலாத்தாள் சாதி என்ற சொல்லை ஒருமுறைகூட வாயில் எடுக்கவில்லை. 'எஸ்டேட்டுக்காரி' என்றுதான் சொன்னாள். என்ன சொல்கிறாள் என்று எல்லோருக்கும் விளங்கியது.

கமலாத்தாள் பக்கத்துக் கல்யாணத்தில் தாலிக்கு முன்னால் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. மாப்பிள்ளையின் பக்கத்தில் அவனுடைய அக்காவோ தங்கையோ பலகை போட்டு உட்காருவாள். ஒரே புடவையின் ஒரு முனை அவன் கையில் இருக்கும், மறுமுனை அவள் கையில். பெண்டாட்டி வந்தாலும் கூடப்பிறந்தவளை விடமாட்டேன் என்று நாலு பேர் அறியச் சொல்வது. அவளுக்குக் கட்டிக்கொள்ள அவன்தான் புதுப்புடவை எடுத்துத் தர வேண்டும்.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால் பூபதிராஜா பைக்கில் வந்தான். கமலாத்தாள் வாசலில் நெல் தூற்றிக்கொண்டிருந்தாள். அவன் தூசியிலேயே நின்றான்.

"அக்கா, நீ வராம அந்தப் பலகைல ஆர உக்கார வெக்கறது?"

"எனக்குத் தம்பின்னு ஒருத்தன் பொறக்கவே இல்ல. போ."

முறத்தை அவள் நிறுத்தவில்லை. அவன் கையிலிருந்த பையைக் கட்டிலில் வைத்துவிட்டுப் போனான். பையில் அரக்குக் கலர் பட்டு.

நாலாம் நாள் சொந்தத்தில் ஒரு ஒறம்பரைக்காரி வந்து, "உனக்குப் பதிலா அங்க எவளோ ஒருத்தி உக்காந்து முனையப் புடிச்சாளாமா" என்று ஊதிவிட்டுப் போனாள். எரிகிற அடுப்பில் எண்ணெய் ஊற்றுகிறவர்களுக்கு எந்த ஊரில் பஞ்சம்! அந்த ஒரு பேச்சைப் பிடித்துக்கொண்டு கமலாத்தாள் இருபது வருடம் ஓட்டினாள். என் இடத்தை எடுத்து எவளுக்கோ கொடுத்தவன்தானே என்று நினைத்துக்கொண்டால் போதும், நெஞ்சு கல்லாகிவிடும்.

சென்னிமலை செத்தபோது அவன் வந்தான். புருஷன் போனவளுக்குப் பிறந்த வீட்டுக் கோடி வர வேண்டும். பிறந்த வீடென்று மிச்சமிருந்தது அவன் ஒருவன்தான். வெள்ளைப் புடவையை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு முன்னால் வந்து நின்றான். அவள் கை நீட்டவில்லை. கடைசியில் யாரோ வாங்கி அவள் மேல் போர்த்தினார்கள். அவன் தென்னைமரத்தடியில் சாயங்காலம் வரை நின்றுவிட்டுப் போனான். ஒரு வாய்த் தண்ணீர் குடித்தானா என்று அவளுக்கு இன்றைக்கும் தெரியாது.

இரண்டு வருடம் முன்னால் சந்தனம் போன் செய்தாள். நெஞ்சுவலி, காலையில் போய்விட்டார், நாளைக்கு எடுக்கிறோம் என்றாள். கமலாத்தாள் புறப்படத்தான் செய்தாள். பொள்ளாச்சி போய், அங்கிருந்து உடுமலைப்பேட்டை போய்ச் சேர்ந்தாள். மூணாறு பஸ் நின்றுகொண்டிருந்தது. படியில் கால் வைத்தவளுக்கு மேலே ஏற முடியவில்லை. உயிரோடிருந்தவனை வாசலில் நிற்கவைத்தவள் பிணத்தைப் பார்க்க எந்த மூஞ்சியோடு போவது? பெஞ்சில் உட்கார்ந்தாள். பஸ் போயிற்று. அடுத்ததும் போயிற்று. ஊருக்கே திரும்பிவிட்டாள்.

அதற்குப் பிறகு தம்பி மேல் கோபம் இல்லை. அது எப்போது போனதென்றே தெரியவில்லை. ஆனால் அந்த பெஞ்சை விட்டு அவள் எழுந்திருக்கவில்லை. சோறு தின்னும்போதும், வயலில் மடை திறக்கும்போதும், உள்ளே அங்கேயேதான் உட்கார்ந்திருந்தாள். ஊரார் மேலுள்ள கோபமென்றால் நாலு வார்த்தை வைது ஆற்றிக்கொள்ளலாம். தன்னைத் தானே வைதுகொண்டால் கேட்கிறவளும் அவளேதான், ஆறுவது எங்கே?

இத்தனை வீம்புக்காரி, அந்தப் புடவையை என்ன செய்தாள் என்று கேட்பீர்கள். பீரோவில் வைத்திருந்தாள். பட்டு மடித்த இடத்திலேயே கிடந்தால் இற்றுவிடும். அதனால் வருடத்துக்கொரு தடவை எடுத்து, உதறி, மடிப்பை மாற்றி வைப்பாள். வேண்டாத புடவைக்கு யாராவது மடிப்பு மாற்றுவார்களா? இந்தக் கேள்வியை அவள் தன்னிடம் கேட்டுக்கொண்டதே இல்லை.

இந்தத் தை மாதம் எடுத்தபோது, மடிப்போடு ஒரு சாண் நீளம் பட்டு விட்டுப்போயிருந்தது. இதுவும் போனால் அவன் கொடுத்ததென்று வேறு எதுவும் இல்லை. மறுநாள் மாட்டைப் பக்கத்து வீட்டில் ஒப்படைத்து, புடவையைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினாள். உடுமலைப்பேட்டையில் அந்த பெஞ்சைத் திரும்பியும் பார்க்காமல், கண்ணை மூடிக்கொண்டு பஸ் ஏறினாள்.

சந்தனம் இருந்தது மாட்டுப்பட்டிக்கு மேலே ஒரு லயத்து வீட்டில். வரிசையாக ஒட்டிக் கட்டிய எஸ்டேட் வீடுகள். கொழுந்து பறித்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தாள். வாசலில் நிற்பது யாரென்று கேட்கவே இல்லை. தம்பிக்கும் இவளுக்கும் ஒரே சாடை.

"வாங்க மதினி" என்றாள். குரலில் சூடும் இல்லை, குளிரும் இல்லை.

உள்ளே சுவரில் கல்யாணப் போட்டோ. கமலாத்தாள் பார்த்தாள். மணவறையில் பூபதிராஜா, கையில் புடவையின் ஒரு முனை. பக்கத்தில் ஒரு பலகை. பலகையில் ஆள் இல்லை. புடவையின் மறுமுனையை மடித்து அதன் மேல் வைத்திருந்தார்கள்.

"எவளோ உக்காந்தாள்னு சொன்னாங்களே அம்மிணி..."

"எங்க சின்னம்மா மக உக்காருதேன்னுச்சு. அவுக விடல. எங்கக்கா எடம், சும்மாவே கெடக்கட்டும்னுட்டாக."

கமலாத்தாள் அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதாள். வாயைப் பொத்திக்கொள்ளாமல், சத்தமாக அழுதாள். புருஷன் செத்தபோது அழாத அழுகை அது. சந்தனம் பக்கத்தில் வரவில்லை. ஸ்டவ்வைப் பற்றவைத்தாள்.

அழுது முடித்ததும் கமலாத்தாள் கேட்டாள். "என்னைய மன்னிச்சுருவயா அம்மிணி?"

சந்தனம் டம்ளரை அவள் முன்னால் வைத்தாள்.

"அவுக என்னைக்கோ மன்னிச்சிட்டாக. உங்களப் பத்தி ஒரு வார்த்த தப்பாப் பேசுனதில்ல. எனக்கு அந்த மனசு வரல மதினி. காலிப் பலகையப் பாத்துக்கிட்டே தாலிக்குக் கழுத்த நீட்டுனவ நான். அவுகளத் தூக்குறப்பவும் உங்களுக்காக ஒரு மணி நேரம் வச்சிருந்தோம். பொய் சொல்ல எனக்கு வரல."

"சொல்ல வேண்டாம் அம்மிணி. சொல்லாத."

விசித்திரம் என்னவென்றால், கமலாத்தாளுக்கு அப்போதுதான் மூச்சு சீராக வந்தது. இரண்டு வருடமாக அவளே அவளை வைதுகொண்டிருந்தாள். இப்போது வைவதற்கு உரிமையுள்ள ஒருத்தி வைதுவிட்டாள். அது நியாயமான அளவில் இருந்தது. தான் தனக்குப் போட்டுக்கொண்ட தண்டனை மாதிரி கரை காணாததாக இல்லை. டீயைக் குடித்தாள். இனிப்பு சரியாக இருந்தது.

பையைத் திறந்து புடவையை நீட்டினாள். சந்தனம் தொடவில்லை.

"உங்களுக்கு எடுத்தத நான் எப்படி வாங்குதது? நீங்க கெட்டிக்கிடுங்க."

"தாலியறுத்தவ இந்தக் கலரக் கட்டறதா?"

"நானும் அறுத்தவதான். இங்க பாருங்க, சேப்புச் சீலதான் கெட்டியிருக்கேன். கொழுந்துக்காட்டுல யாரு கேக்குதா?" கதவருகே வந்து, வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள். "அடுத்த மாசம் அவுகளுக்குத் தெவசம். வாரதுன்னா வாங்க. என் மனசு அதுக்குள்ள மாறும்னு சொல்ல மாட்டேன். ஆனா சோறு உண்டு."

கமலாத்தாள் ஊருக்கு வந்தாள். அந்த ஒரு மாதமும் வீடு பழையபடிதான் இருந்தது. டிவி பேசியது, இவள் கேட்டாள். ராத்திரிச் சோற்றை மறுநாள் காலையிலும் தின்றாள். தனிமை ஒரு பஸ் பயணத்தில் தீருகிற வியாதியில்லை. ஆனாலும் ஒரு நாள் சாயங்காலம் ஊசியை எடுத்து, விட்டுப்போன பட்டை இழை இழையாக இழுத்துத் தைத்தாள். தையல் கோணல்தான். கொசுவத்துக்குள் போய்விடும்.

தெவசத்தன்று விடியலில் ஷைஜு வண்டியை நிறுத்தினான். வாசலில் கமலாத்தாள் அரக்குப் பட்டில் நின்றாள். இருபத்துமூன்று வருட மடிப்புகள் அத்தனையும் புடவையில் கோடு கோடாகத் தெரிந்தன. அவன் பால் கேனை மறந்துவிட்டான்.

"சேச்சி! எங்கோட்டா? கல்யாணத்துக்கோ?"

"ஆமாப்பா" என்றாள் கமலாத்தாள். "எந்தம்பி கல்யாணம். கெளம்பறதுக்குக் கொஞ்சம் நேரமாயிப் போச்சு."

பாலை அவன் கையில் கொடுத்துவிட்டு, கதவைப் பூட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள்.