மருதாளுக்கு ஆகாத குதிரை ஊசி

வெள்ளையனுக்குப் பொய் சொல்ல வராது என்று வீரபாண்டியில் எல்லாருக்கும் தெரியும். சாயப்பட்டறைக்கு ஒரு நாள் மட்டம் போட்டால்கூட உள்ளதைச் சொல்லி முதலாளியிடம் ஏச்சு வாங்கிக்கொள்வான். அப்பேர்ப்பட்ட மனுசன் ஒரே ஒரு பொய் சொன்னான், அதுவும் சொல்லவே கூடாத இடத்தில்.

எண்பத்தைந்தில் அவன் மனைவி மருதாளுக்கு, பனியன் கம்பெனியில் மிஷின் ஊசி விரலில் ஏறி ஒடிந்துவிட்டது. பக்கத்திலேயே ஒரு டாக்டரிடம் ரணஜன்னி வராமல் இருக்கத் தடுப்பூசி போட்டு அனுப்பினார்கள். பத்து நாள் கழித்து உடம்பெல்லாம் தடிப்பு, காய்ச்சல், மூட்டுக்கு மூட்டு வீக்கம். அம்மை என்று சொல்லி வாசலில் வேப்பிலை செருகிவிட்டார்கள். வெள்ளையனுக்கு மனசு ஒப்பவில்லை. பெரிய டாக்டர் ஒருவரிடம் தூக்கிக்கொண்டு ஓடினான்.

"அந்தத் தடுப்பூசி மருந்து குதிரை ரத்தத்துல இருந்து எடுக்கறதுங்க" என்றார் அவர். "குதிரைப் புரதத்தை இவங்க உடம்பு எதிரின்னு நினைச்சு, அதை அடிக்க எதிர்ப்பொருள்னு ஒண்ணை உண்டாக்கி வெச்சிருக்குது. மறுக்கா குதிரை மருந்து உள்ள போனா உயிருக்கே ஆபத்து. எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் இந்தச் சீட்டைக் காட்டுங்க."

வெள்ளையன் அந்தச் சீட்டுக்குப் பிளாஸ்டிக் உறை போட்டான். சட்டை மாற்றும்போதெல்லாம் மறக்காமல் எடுத்துப் பையில் வைத்துக்கொள்வான். "ஏனுங்க, மருதாளுக்கும் குதிரைக்கும் அப்படி என்னங்க வாய்க்கால் தகராறு?" என்று பக்கத்து ஊட்டு ஞானாம்பாள் கேட்பாள். மருதாள்தான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரிப்பாள்.

தொண்ணூற்றிரண்டு ஐப்பசியில், ஒரு நாள் காலை, பனியன் கம்பெனியிலிருந்து வீட்டுக்கு வந்த வெட்டுத்துணி மூட்டையைப் பிரித்த மருதாளின் கையில் விரியன் கொத்திவிட்டது.

ஆட்டோவில் போட்டுக்கொண்டு முதலில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். வெள்ளையன் சீட்டை நீட்டினான். படித்துப் பார்த்த டாக்டர் இரண்டடி பின்னால் நகர்ந்தார். "பாம்புக்கடி மருந்தும் குதிரையில இருந்துதாங்க வருது. இங்க ஆகாது, வேற இடம் பாருங்க" என்று கைகழுவிவிட்டார். அட பாவி! சாகக்கிடக்கிறவளிடம் சொல்கிற பேச்சா அது?

அடுத்த ஆஸ்பத்திரிக்குள் நுழையும்போது மருதாளின் ஈறிலிருந்து ரத்தம் கசிந்தது. கை முழங்கை வரை வீங்கியிருந்தது. சீட்டைக் காட்டினால் இங்கேயும் துரத்துவார்கள், விஷம் கொன்றுவிடும். காட்டாமல் விட்டால் மருந்தே கொன்றாலும் கொல்லும். வெள்ளையன் சீட்டைச் சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டான்.

"இதுக்கு முன்னாடி ஏதாச்சும் ஊசி ஒத்துக்காமப் போயிருக்குதா?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"இல்லீங்க."

மருதாள் கண்ணைத் திறந்து அவனைப் பார்த்தாள். அவளுக்கு நாக்கு எழவில்லை.

மருந்து ஏறி ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அவள் முகம் உப்பியது, மூச்சு இழுத்தது. வெள்ளையன் ஐயோவென்று அலறிக்கொண்டு சீட்டை எடுத்து நீட்டினான். டாக்டரம்மா படித்தார், மருந்தை நிறுத்தினார், வேறு ஊசி போட்டார், ஆக்சிஜன் வைத்தார். போன உயிர் எப்படியோ திரும்பி வந்தது.

"இதை முதல்லயே குடுத்திருந்தா பாம்பு மருந்து போடாம விட்டிருப்பேன்னு நினைச்சீங்களா?" டாக்டரம்மா கோபமாகக் கேட்டார். "ஒத்துக்காமப் போனா போடற மாத்து ஊசியைப் பக்கத்துல ரெடியா வெச்சுக்கிட்டு, கொஞ்சம் கொஞ்சமா ஏத்தியிருப்பேன். இப்பவும் அப்படித்தான் ஏத்தப்போறேன்."

"அங்க தொரத்திட்டாங்கம்மா... நீங்களும் தொரத்திட்டா நான் எங்க போவேன்?"

அவர் மாற்று ஊசியைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்துவிட்டு, பாம்பு மருந்தை மறுபடி சொட்டுச் சொட்டாக ஏற்றத் தொடங்கினார்.

மூன்றாம் நாள் மருதாளுக்குப் பேச்சு வந்தது. "நீங்க இல்லீங்கன்னு சொன்னது என்ற காதுல உழுந்துதுங்க."

"உன்னையக் காப்பாத்தோணும்னுதான் சாமி சொன்னேன்."

"தெரியுமுங்க." அவள் வீங்காத கையை அவன் பக்கம் நீட்டினாள். "அந்தச் சீட்டைக் குடுங்க. இனிமே அது என்றகிட்டயே இருக்கட்டும்."