செல்வராஜ் வைத்த கையெழுத்து

கண்டிக்குக் கிட்ட திகனப் பக்கம் ஒரு தொழிற்சாலையில், கணினியில் ஓடும் இரும்பு வெட்டும் மெஷின்களுக்கு நான் தொழில்நுட்ப இணைப்பாளர். நான் புது புரோகிராம் போட்டால், முதலில் இரும்பு வைக்காமல் வெறுமனே ஓட்டிப் பார்க்க வேண்டும். பார்த்ததாக ஒப்பரேட்டர் தாளில் கையெழுத்து வைப்பார்.

அன்று ஓடர் அவசரம். கம்பளையிலிருந்து வேலைக்கு வரும் ஒப்பரேட்டர் செல்வராஜிடம், "நான் பார்த்துட்டேன். சைன் வச்சிட்டு நேரா ஓட்டுங்க" என்றேன்.

"நீங்க சொன்னா சரி சேர்."

புரோகிராமில் எட்டாம் டூலின், அதாவது எட்டாவது வெட்டும் கருவியின், நீளத்தை நான் பிழையாகப் போட்டிருந்தேன். டூல் வேகமாக இறங்கி மோதியதில் அதைப் பிடித்துச் சுழற்றும் ஸ்பிண்டிலே உடைந்துபோனது.

மனேஜர் தாளைக் காட்டி, "இது உன் கையெழுத்துதானே?" என்று செல்வராஜைக் கேட்டார். அவர் என்னைப் பார்த்தார். நான் தாளைப் பார்த்தேன்.

"ஆமாங்க சேர்."

அன்றே அவருக்கு வேலை போயிற்று. பையோடு என்னிடம் வந்தார். திட்டுவார் என்று நினைத்தேன்.

"எட்டாம் டூல் நீளத்தை மாத்திருங்க சேர். அடுத்து வர்றவனும் மாட்டிக்குவான்."

அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். மனேஜரின் அறை பத்தடி தூரம்தான். நான் மெஷினிடம் போய் அளவை மட்டும் திருத்தினேன்.

ஸ்பிண்டில் மாற்றிய பிறகு அந்த மெஷின் இன்றுவரை சரியாகத்தான் ஓடுகிறது.