கரையாத பசளை

மாமா எங்களை ஏமாற்றிவிட்டார் என்று முதலில் சொன்னவள் நான்தான். அப்போது எனக்குப் பத்து வயது.

மாமா அம்மாவின் தம்பி. கொடிகாமத்தில் விதையும் உரப் பசளையும் விற்கும் கடையொன்றில் வேலை செய்தார். அப்பா அந்த வருடம் தோட்டம் முழுவதும் வத்தகப்பழம் என்னும் தர்ப்பூசணி போடப்போகிறார் என்று அறிந்ததும் ஒரு பையுடன் வந்தார். உள்ளே மல்லியளவில் மஞ்சளும் பச்சையுமாக உருண்டைகள்.

"அத்தான், எங்கடை மணல் தரையிலை யூரியா போட்டா ரெண்டு இறைப்போடை கீழை இறங்கிக் கிணத்துக்குள்ளை போயிடும். இதை நடேக்கை ஒருக்காக் குழிக்குள்ளை போட்டாக் காணும். காய் முத்துமட்டும் கொஞ்சம் கொஞ்சமா விடும்."

மச்சான் சொல்லித் தான் செய்வதா என்று அப்பாவுக்கு உள்ளூரக் கடுப்பு. அம்மாவின் முகத்துக்காகப் போட்டார்.

கொடி நன்றாகவே ஓடியது. பிஞ்சுகள் கைப்பிடியளவு ஆன நேரத்தில் ஒருநாள் நான் தடியால் குழியொன்றைக் கிளறினேன். போட்ட உருண்டைகள் போட்டபடியே கிடந்தன. ஒரு பிடி அள்ளிக்கொண்டு அப்பாவிடம் ஓடினேன்.

"அப்பா, ஒண்டும் கரையேல்லை. மாமா எங்களைப் பேய்க்காட்டிப் போட்டார்."

அப்பா என் கையைப் பார்த்தார். பச்சைப் பசேலென்று நின்ற கொடியை ஒருதரம் திரும்பிப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. என்னை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு நேரே கடைக்குப் போனார். அங்கே சாமான் வாங்க வந்த நாலைந்து பேர் நின்றார்கள். அவர்களுக்கு முன்னால் உருண்டைகளை மாமாவின் முகத்தில் எறிந்தார்.

"பத்து வயசுப் பெட்டை கண்டுபிடிச்சிட்டாள் உன்ரை கள்ளத்தை! சொந்தக்காரனையே ஏமாத்திறியோ?"

மாமா குரலை உயர்த்தவில்லை. "அத்தான், ஒண்டை எடுத்து நசிச்சுப் பாருங்கோ. வெளிக்கோதுதான் மிச்சம். பசளை முக்காவாசி கரைஞ்சு மண்ணுக்குப் போயிட்டுது, உள்ளுக்குத் தண்ணிதான் இருக்கும்."

"நீ எனக்குப் படிப்பிக்க வாறியோ?"

கடை முதலாளி பார்த்துக்கொண்டு நின்றார். மாமா குனிந்து நிலத்தில் சிதறியவற்றை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையை நினைத்தால் இன்றைக்கும் என்மேலேயே எனக்கு ஆத்திரம் வருகிறது.

அன்று பின்னேரமே அப்பா குழிக்குக் குழி யூரியாவை அள்ளிக் கொட்டினார். "கொடி நல்லாத்தானே நிக்குது, வேண்டாமப்பா" என்று அம்மா கத்தினார். அப்பா மெஷினை இயக்கித் தண்ணீரைத் திறந்துவிட்டார். அம்மாவின் குரல் அந்தச் சத்தத்துக்குள் போய்விட்டது.

யூரியா கூடிப்போய்க் கொடி காடாக மண்டியது. காய்கள் ஊதிப் பெருத்து, முற்றுமுன்பே தோட்டத்தில் கிடந்தபடி வெடித்தன. வாங்க வந்த வியாபாரி ஒன்றை வெட்டி வாயில் வைத்தார். துப்பிவிட்டு லொறியைத் திருப்பினார்.

"உவன் தந்த பசளையாலைதான்" என்று அப்பா கண்டவர்களுக்கெல்லாம் சொன்னார். கதை கடைக்கும் போனது. முதலாளி மாமாவை வேலையால் நிற்பாட்டினார்.

கொடிகளைப் பிடுங்கி ஒதுக்கிய அன்று அம்மா வேரோடு வந்த ஓர் உருண்டையை எடுத்து நசித்தார். கோது கிழிந்து, நகத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் நின்றது. அதை அப்பாவிடம் நீட்டினார்.

"பாருங்கோ. தம்பி பொய் சொல்லேல்லை."

குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்த அப்பா நிமிரவில்லை. "தெரியும். அண்டைக்குக் கடையாலை வந்த உடனை நானும் ஒண்டை நசிச்சுப் பாத்தனான்."

"பிறகேன் யூரியாவைப் போட்டனீங்கள்?"

"அவ்வளவு சனத்துக்கு முன்னாலை கத்திப்போட்டு, என்னெண்டு பேசாமல் இருக்கிறது?"

அம்மா கையிலிருந்த கொடியை அப்பாவின் காலடியில் எறிந்தார். "உங்கடை வாய்க்கு என்ரை தம்பியின்ரை பிழைப்போ?" என்று கேட்டுவிட்டு, மண் அப்பிய காலோடு மாமா வீட்டுக்கு நடக்கத் தொடங்கினார். அழுதபடிதான் நடந்தார்.

நான் பின்னால் ஓடவில்லை. எனக்கு அம்மாமேல் கோபம். பழமெல்லாம் வெடித்தபோது ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத அம்மா, அப்பாவுக்கு எல்லாம் முன்னமே தெரியும் என்றதற்குப் போய் ஏன் இப்படி அழவேண்டும்? மாமா சொன்னதை அன்றைக்கே சோதித்துப் பார்த்த அப்பா எவ்வளவு கெட்டிக்காரர் என்றுதான் நான் நினைத்துக்கொண்டு நின்றேன்.