ஏழுமலை நன்றி சொன்ன தீபாவளி

1. மேலிடத்து உத்தரவு

மராட்டி பேசும் ஊரான தாபோடியில் ஒரு அறக்கட்டளை நடத்திய மனநல ஆலோசனை மையத்தில் கவுன்சிலராக வேலை பார்த்து ரிட்டயர் ஆனவள் நான். தமிழ்க் கேஸ் எல்லாம் என் மேஜைக்குத்தான் வரும். எனக்குத் தமிழ் தெரியும் என்பது ஒரு காரணம். வேறு யாருக்கும் தெரியாது என்பது இன்னொரு காரணம்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒரு வருடம், தீபாவளிக்குக் கொஞ்ச நாள் முன்னால், எங்கள் தலைவி குல்கர்ணி மேடம் மும்பையில் ஒரு டிரெயினிங் முடித்து வந்தார். வந்த கையோடு மீட்டிங். பண்டிகை நேரத்தில் மனச்சோர்வு கூடும், அதற்கு க்ராட்டிட்யூட் பயிற்சி நல்லது என்றார். ஒவ்வொரு கிளையன்ட்டும் தனக்கு வேண்டியவர்கள் மூன்று பேரிடம் நேராக நன்றி சொல்ல வேண்டும். அதுதான் ஹோம்வொர்க்.

எங்கள் வீடுகளில் அந்த வழக்கம் கிடையாது என்றேன். தமிழில் நன்றி என்பது மைக் பிடித்தவர்கள் கூட்டம் முடியும்போது சொல்கிற வார்த்தை. பெண்டாட்டியிடம் சொன்னால் அவள் பயந்துவிடுவாள்.

"தோ சிகாவோ நா!" என்றார் மேடம். கற்றுக்கொடுக்க வேண்டியதுதானே என்று அர்த்தம். சம்பளம் தருகிறவர் சொன்னால் கற்றுக்கொடுக்க வேண்டியதுதான்.

2. லேடீஸ் டப்பா

ஏழுமலை லோக்கல் ரயிலில் சில ஸ்டேஷன் தள்ளி இருக்கும் ஆகுர்டிக்காரர், பூர்வீகம் குடியாத்தம் பக்கம். வண்டிக் கம்பெனியில் வெல்டராக இருந்து வி.ஆர்.எஸ். வாங்கியவர். வீட்டுக்கு வந்த பிறகு தூக்கம் போனது, பேச்சும் போனது. மனைவி செல்விதான் அவரை எங்களிடம் அனுப்பிவைத்தார். சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று முதல் நாளே கேட்டிருந்தேன். "அதெல்லாம் இல்லீங்க" என்று சொல்லியிருந்தார். ஹோம்வொர்க்கைச் சொன்னதும் சரி என்று தலையாட்டிவிட்டுப் போனார்.

தீபாவளிக்கு முந்தின நாள் காலை. ஸ்வீட் டப்பா பிரித்துக்கொண்டிருந்தோம். செல்வி புயல் மாதிரி உள்ளே வந்தார். அவர் கையில் ஏழுமலையின் கை.

"மேடம், இவரு பேச்சே சரியில்ல. காலைல எழுந்து, 'இத்தன வருசம் சோறு போட்டியே, உனுக்கு நன்றி'ங்கறாரு! ஊருக்குப் போன் போட்டு அண்ணங்கிட்ட நன்றி. பக்கத்து வூட்டு மராட்டிக்காரம்மாகிட்ட வேற போயி நன்றி. கணக்கு முடிக்கிறாரு மேடம் மனுசன்! நான் விடுவனா? லோக்கல் ரயில்ல லேடீஸ் டப்பாவுல, பொம்பளைங்க பொட்டியில, ஏத்திக் கூட்டியாந்துட்டேன். பொம்பளைங்க எல்லாம் கத்துனாளுங்க. கத்துங்கடின்னு உக்காந்துட்டேன்."

மூன்று பேர். கணக்கு சரியாக இருந்தது. ஹோம்வொர்க்கை இவ்வளவு ஒழுங்காகச் செய்த கிளையன்ட்டை நான் பார்த்ததில்லை.

"அம்மா, அது நான்தான் சொல்லச் சொன்னேன்" என்றேன்.

செல்வி என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது. "நீங்களா? நல்லா இருக்கே உங்க வைத்தியம்! எனக்கு உசுரே போயிடுச்சு!" என்றார். குல்கர்ணி மேடம் கதவோரம் நின்று எட்டிப் பார்த்து, என்ன ஆச்சு என்று, "க்யா ஹுவா?" என்றார். ஹோம்வொர்க் நன்றாக வேலை செய்கிறது என்றேன்.

3. இரண்டாம் தடவை

எல்லோருக்கும் சிரிப்பு வந்துவிட்டது, ஏழுமலையைத் தவிர. அவர் சிரிக்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது எனக்குப் பிடிக்கவில்லை. கதவைச் சாத்தி இருவரையும் உட்காரவைத்தேன். முதல் நாள் கேட்ட கேள்வியை மறுபடி கேட்டேன்.

வெளியே யாரோ பட்டாசு வெடித்தார்கள்.

"இருந்துச்சுங்க" என்றார். "அன்னிக்கு இல்லன்னு பொய்தான் சொன்னேன். நேத்து வரிக்கும் இருந்துச்சு. வேல போனப்புறம் நான் எதுக்கு? நான் இல்லன்னா இவளாவது நிம்மதியா இருப்பான்னு நெனச்சேன்."

செல்விக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டியது. கவுன்சிலருக்கு அழுகை வரக் கூடாது என்று டிரெயினிங்கில் சொல்வார்கள், எனக்கும் வந்தது.

அன்றைக்கே சைக்யாட்ரிஸ்ட்டை வரவழைத்துக் காட்டினோம். மருந்து ஆரம்பித்தது. பண்டிகை முடிகிற வரை தினமும் காலையும் மாலையும் எனக்குப் போன் செய்ய வேண்டும், வீட்டில் அவரைத் தனியாக விடக் கூடாது என்று பேசிவைத்தோம். பல மாதங்கள் ஆனது, ஆனால் மனிதர் தேறினார்.

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். முதல் தடவை "இல்லை" என்று சொன்னதை நம்பி ஃபைலை மூடாதீர்கள். மறுபடி கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. இருந்தால்தான் வெளியே வரும்.

இன்று ஏன் உண்மையைச் சொன்னீர்கள் என்று அன்றைக்கே ஏழுமலையிடம் கேட்டேன்.

"ஆகுர்டிலேர்ந்து கைய விடவே இல்லீங்க இவ. வெரலெல்லாம் மரத்துப் போச்சு. நான் போனா இவளுக்கு நிம்மதின்னு எப்பிடிங்க இனிமே நெனைக்கிறது?"

"மரத்தா மரக்கட்டும்" என்றார் செல்வி. அப்போதும் அவர் கையை விடவில்லை.