மரியதாஸ் காத்திருக்கும் பாட்டு

போன வாரம் ஒரு செத்த மனிதர் என் காதுக்குள் மூச்சு விட்டார்.

பயப்படாதீர்கள்... நான் கொஞ்சம் பயந்தேன், அது வேறு விஷயம். அவர் ஒரு ஜாஸ் சாக்ஸபோன்காரர். அலட்டாமல், சூடேறாமல், ஆற அமர வாசிக்கிற ‘கூல்’ வகை. நான் பிறப்பதற்கு முன்பே போய்ச் சேர்ந்தவர். அவருடைய ஆரம்பகால ஒலிப்பதிவுகளைத் தூசி தட்டி, இரைச்சலை நீக்கி, புதிதாக வெளியிட்டிருக்கிறார்கள். இரைச்சல் போனதும் என்ன ஆயிற்று தெரியுமா? அவர் மூச்சு கேட்க ஆரம்பித்துவிட்டது. ஒவ்வொரு வரிக்கும் முன்னால் ஓர் இழுப்பு. பக்கத்தில் உட்கார்ந்து இழுக்கிற மாதிரியே.

ஹெட்போனைக் கழற்றிவிட்டு ஜன்னலைத் திறந்தேன். கீழே ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில் யாரோ முருங்கைக்காய்ப் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். நிம்மதியாக இருந்தது.

அந்த நேரம் பார்த்து ரெஜினா மணியடித்தாள்.

ரெஜினா லா சப்பல் தமிழ்க் கடைத்தெருவில் ஓர் உணவகச் சமையலறையில் வேலை செய்கிறவள். வன்னிக் கடற்கரைக்காரி. மத்தியானச் சமையலுக்கும் இரவுச் சமையலுக்கும் நடுவில் கிடைக்கிற ஓய்வில் வந்திருந்தாள். கூடவே மகன் அன்ரன், கையில் மடிக்கணினியோடு. பொபினித் தேவாலயப் பாடகர் குழுவிலிருந்து கிளம்பிய நான்கு பெடியன்களில் இவனும் ஒருவன். கிற்றார், டிரம்ஸ் எல்லாம் முழங்க ஆண்டவரைத் துதிக்கிற கொஸ்பெல் ரொக். கம்பெனி எதுவும் இல்லாமல் தாங்களே பதிவு செய்த முதல் இசைத்தொகுப்பு. அதைப் பற்றி என்னுடைய இந்த இசைப் பத்தியில் நான் இரண்டு வரி எழுத வேண்டுமாம்.

“எல்லாப் பாட்டும் கேட்டனான் அக்கா. மூண்டாவதை மட்டும் கேக்கேல்லை,” என்றாள் ரெஜினா.

ஏன்?

“அதிலை இவன் அவரின்ரை குரலைப் போட்டிருக்கிறான்.”

அவர் என்றால் அவள் கணவர் மரியதாஸ். இறந்து இன்னும் இரண்டு வருடம் ஆகவில்லை.

போன் செபமாலை பற்றி உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ரொறன்ரோ, லண்டன், யாழ்ப்பாணம் என்று சிதறிக் கிடக்கிற கத்தோலிக்கச் சொந்தங்கள் ஒரே குரூப் கோலில் கூடிச் செபமாலை சொல்வார்கள். ஒருவர் செபத்தின் முதல் பாதியைச் சொல்ல, மற்றவர்கள் மறுபாதியைச் சொல்ல வேண்டும். ஆனால் எல்லோரும் ஒரே நேரத்தில் வாய் திறந்தால் போனில் அது செபமா, சந்தையா? அதனால் முன்னால் சொல்கிறவரைத் தவிர எல்லோரும் மைக்கை அணைத்துவிடுவார்கள். அவர் பாதியைச் சொல்லிவிட்டு, யார் குரலும் கேட்காமல், சும்மா காத்திருப்பார். பிறகு அடுத்தது.

அந்தக் குடும்பத்தில் முன்னால் சொன்னவர் மரியதாஸ்தான். அவர் வீட்டில். ரெஜினா உணவகத்தில், பாத்திரங்களுக்கு நடுவே, ஒரு காதில் இயர்போனோடு மறுபாதியை முணுமுணுப்பாள். தவறவிட்டவர்களுக்காக அவர் அதைப் பதிவு செய்து குரூப்பில் போடுவார். அந்தப் பதிவைத்தான் அன்ரன் பாட்டுக்குள் வைத்திருக்கிறான்.

“அப்பா பாதியைச் சொல்லிப்போட்டு நிக்கிறார், அன்ரி,” என்றான் அன்ரன். “ட்ரோ லோங். சரியா நீளுது. பெடியள் அதுக்குள்ளை சாக்ஸபோன் போட்டு நிரப்புவம் எண்டுறாங்கள். நாளைக்கு நான் முடிவு சொல்லோணும்.”

“நீளும்தான்,” என்றாள் ரெஜினா. “இவர் ஏன் இவ்வளவு நேரம் நிக்கிறார் எண்டு கனடாக்காரரும் குறை சொல்லுறவையள்.”

“அழுகை வருமெண்டோ நீ கேக்காமல் இருக்கிறாய்?” என்று கேட்டேன்.

“இல்லை அக்கா. கேட்டால் பதில் சொல்லோணுமே. செத்த ஆளுக்கு எப்பிடிப் பதில் சொல்லுறது?”

எனக்கு மறுபடி பயம் வந்தது, உள்ளதைச் சொல்கிறேன். ஆனாலும் பாட்டைப் போடச் சொன்னேன். விமர்சகி புத்தி...

டிரம்ஸ் அதிர்ந்தது, கிற்றார் கத்தியது, சட்டென்று எல்லாம் நின்றது. மரியதாஸின் குரல். அவசரமே இல்லாத, சற்றுக் கரகரத்த குரல். முதல் பாதி முடிந்தது. பிறகு மௌனம். அந்த மௌனத்துக்குள் அவர் மூச்சு. பின்னால் அவர் வீட்டு ஃபிரிட்ஜ் ஓடுகிற ஓசை. ஒருவர் எதையோ எதிர்பார்த்து நிற்கிறார் என்பது அந்த அறையில் இருந்த மூன்று பேருக்கும் தெரிந்தது.

ரெஜினா வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். இரண்டாவது தடவை அவர் தன் பாதியைச் சொன்னதும் கை தானாக இறங்கியது. மறுபாதியைத் தொடங்கினாள். மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக, அவர்கள் ஊர்க் கோயிலில் இழுத்துச் சொல்வார்களே, அப்படி. ஆமென் என்று வாயை மூடினாள்... மரியதாஸ் அடுத்ததைத் தொடங்கினார்.

தற்செயல் என்கிறீர்களா? அடுத்த தடவையும் அப்படித்தான். அதற்கு அடுத்த தடவையும். ஒரு சொல்கூட மோதவில்லை. காதில் விழாத ஒரு குரல், எங்கோ ஒரு சமையலறையில் ஆமென் சொல்லும்வரை அந்த மனிதர் ஒவ்வொரு நாளும் நின்றிருக்கிறார். கனடாக்காரர்களுக்கு நீளாமல் என்ன செய்யும்?

அன்ரன் பிரெஞ்சில் ஏதோ சொல்ல வாயெடுத்தான். ரெஜினா கண்ணைக்கூடத் துடைக்காமல் அவனைப் பார்த்தாள்.

“அதுக்குள்ளை ஒண்டும் போடாதை. அது என்ரை இடம்.”

போடவில்லை. பாட்டு அப்படியே வெளிவருகிறது. வாங்கிக் கேளுங்கள். தனியாக மட்டும் வேண்டாம்.

நான் தனியாகத்தான் கேட்டேன். நேற்று, பட்டப்பகலில். அந்த இடம் வந்தது. மரியதாஸ் நின்றார். நானோ சைவக்காரி, மறுபாதி எனக்குத் தெரியாது. ஆனால் ஒரு மனிதர் இப்படிக் காத்துக்கொண்டு நிற்கும்போது பேசாமல் இருக்க முடிகிறதா? ரெஜினாவிடம் சொல்லிவிடாதீர்கள்...

“ஓம் அண்ணை,” என்றேன்.

அவர் அடுத்ததைத் தொடங்கினார்.