ஒரு மெஷின், இரண்டு சாக்கு

திருமயம் பைபாஸில் இருக்கும் என் மரவாடியின் பின்பக்க ஷெட்டில், மரம் அறுக்கும் பழைய செயின் மெஷின்கள் பலகைத் தட்டுகளில் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. நிலைக்கும் ஜன்னலுக்கும் மரம் வாங்க வருகிறவர்கள் அதை எட்டிப் பார்த்துவிட்டு விலை கேட்பார்கள். விற்பதற்கு இல்லை என்றால் என்னை ஏற இறங்கப் பார்ப்பார்கள். ஓடாததை ஓடவைத்து, ஓடுவதை இன்னும் நன்றாக ஓடவைத்து, துடைத்து மறுபடி தட்டிலேயே வைப்பதற்கு ஒரு பொம்பளையா என்பதுதான் அந்தப் பார்வைக்கு அர்த்தம். என் வீட்டுக்காரர் அவர்களுக்காக ஒரு பதில் தயாராக வைத்திருக்கிறார்: ஊர்ப் பெண்களுக்குத் தங்கத்தின் மேல் ஆசை, இவளுக்கு இரும்பின் மேல். இருந்துவிட்டுப் போகட்டும். தங்கத்தைக் கயிறு போட்டு இழுத்தால் உறுமுமா?

மேல்தட்டில் பச்சை பெயின்ட் உரிந்த ஒன்று இருக்கிறது. வெளிநாட்டுச் சரக்கு. கம்பெனிப் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் நாளைக்கே நாலு பேர் மோப்பம் பிடித்துக்கொண்டு வந்து நிற்பார்கள். இப்போது கடைகளில் விற்கும் மெஷின்கள் அதன் முன்னால் பொம்மை. ஆட்டுக்கடாவைத் தூக்குவதுபோல் இடுப்பைக் கொடுத்துத்தான் தூக்க வேண்டும். அதை முழுசாக என்னுடையதாக்கிக்கொள்ள நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. ஏனென்றால் என்னிடம் வந்தது பாதி மெஷின்தான்.

புதுக்கோட்டையில் ஒரு பழைய இரும்புக் கடை. தைலமரம் வெட்டும் கான்ட்ராக்டர் ஒருவரின் குடோனைக் காலி செய்த சாமான் அங்கே வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டு, சாப்பிட்ட கையைச் சரியாகக் கழுவாமல் ஓடினேன். ஒரு சாக்கைக் கவிழ்த்துக் காட்டினார்கள். சிலிண்டர், பிஸ்டன், ஷாஃப்ட், கைப்பிடி, செயின் ஓடும் நீளமான பிளேடு. பார்த்ததுமே சாக்கின் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். ஆனால் ஸ்டார்ட் செய்யும் பக்கம் மொத்தமும் காணோம். காந்தம் வைத்த சக்கரம் இல்லை, காயில் இல்லை, கார்புரேட்டர் இல்லை, இழுக்கிற கயிறுகூட இல்லை. அதெல்லாம் இன்னொரு சாக்கில் இருந்ததாம். முந்தின நாள்தான் கோட்டைப்பட்டினத்திலிருந்து ஒரு பாய் வந்து தூக்கிக்கொண்டு போனாராம்.

இருந்த சாக்கை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். மறுநாள் காலை அறந்தாங்கியில் பஸ் மாறிக் கோட்டைப்பட்டினத்தில் போய் இறங்கினேன். பாய் விசைப்படகுகளுக்கு இன்ஜின் வேலை பார்ப்பவர். கடற்கரைக்குப் பக்கத்தில் பட்டறை. நான் வாசலில் நின்றபோது அந்தக் காந்தச் சக்கரத்தைப் பெட்ரோலில் கழுவி, பழைய பனியனால் துடைத்துக்கொண்டிருந்தார், குளிப்பாட்டிய குழந்தைக்குத் தலை துவட்டுகிற மாதிரி. அவரும் மற்ற சாக்கை வாங்கினது யார் என்று கடைக்காரருக்குப் போன் போட்டு விசாரித்திருக்கிறார். ஆகவே நான் யார் என்று சொல்லவே தேவை இருக்கவில்லை. நான் ஒரு விலை சொன்னேன். சிரித்தார். அவர் ஒரு விலை சொன்னார். நான் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன்.

“உசிரு எங்கிட்ட இருக்கு தங்கச்சி. வெறும் ஒடம்ப வச்சுக்கிட்டு என்ன செய்யப்போறீங்க?” என்றார்.

“ஒடம்பு இல்லாத உசிரு பேயாத்தான் அலையும் பாய்,” என்றேன்.

பட்டறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவரும்தான் சிரித்தார். ஆனால் குரங்குப்பிடி, சாக்கை விடவில்லை. நான் மட்டும் விட்டேனா?

இதற்கு ஒரு வழி சொன்னவர் கண்டக்டர். திருமயம் வழியாகப் போகும் பஸ்ஸில் வேலை. எங்களைப்போலவே பழைய மெஷின் பைத்தியம். மாதத்தில் முதல் ஞாயிற்றுக்கிழமை அவரும், ஆதனக்கோட்டைப் பக்கத்து முந்திரித் தோப்புக்காரர் ஒருவரும் தங்கள் மெஷின்களோடு என் மரவாடிக்கு வந்துவிடுவார்கள். எது சுத்தமாக ஓடுகிறது, எது வேகமாக அறுக்கிறது என்று பார்ப்போம். பாயையும் கண்டக்டர் அதில் சேர்த்துவிட்டார். அன்றைக்கு மட்டும் இரண்டு சாக்கையும் ஒன்றாக்கி ஓட்டுங்கள், சாயங்காலம் கழற்றி அவரவர் சரக்கை அவரவர் எடுத்துக்கொண்டு போங்கள் என்றார். கிறுக்குத்தனமான யோசனைதான். ஆனால் அதை ஓட்டிப் பார்க்காமல் செத்துப்போய்விடுவோமோ என்ற பயம் எங்கள் இரண்டு பேருக்குமே இருந்தது. அதனால் சரி என்றோம்.

முதல்முறை மாட்டி, பாய் கயிற்றை இழுத்தார். இழுத்தார், இழுத்தார், ஒன்றுமில்லை. பிளக்கைக் கழற்றித் துடைத்து மாட்டினார். அடுத்த இழுப்பில் ஒரு பெரிய புகையோடு அது பிடித்துக்கொண்டதே, அந்தச் சத்தத்தை நான் சாகும்வரைக்கும் மறக்க மாட்டேன். ஷெட் தகரம் அதிர்ந்தது. தட்டிலிருந்த ஸ்பேனர்கள் தாளம் போட்டன. என் வீட்டுக்காரர் பில் புத்தகத்தோடு ஓடிவந்தார், லாரி ஏதோ மோதிவிட்டது என்று நினைத்து. நானும் பாயும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு குதித்தோம். பிறகு சாயங்காலம் நட்டு நட்டாகக் கழற்றினோம்.

அப்படியே வருஷங்கள் ஓடின. மாதம் ஒருமுறை அவர் அறந்தாங்கி பஸ்ஸில் மடியில் சாக்கோடு வருவார். பக்கத்து சீட்டுக்காரர்கள் கருவாடா என்று கேட்பார்களாம். இதுக்குச் சின்னப் பிள்ளைகள் வீடு கட்டி இடிக்கிறதே தேவலை என்று என் வீட்டுக்காரர் தலையில் அடித்துக்கொள்வார்.

போட்டி எப்படி என்றால், ஒரே வாகைக் கட்டையில் ஆளுக்கு ஒரு வட்ட வில்லையாக அறுத்துத் தள்ள வேண்டும். கண்டக்டர் வாயில் விசில், கையில் நேரம் பார்க்கப் போன். இரண்டு விசில் அடித்தால் அறு, ஒன்று அடித்தால் நிறுத்து. பஸ்ஸில் பழகின பழக்கம். எப்போதும் ஜெயிப்பது தோப்புக்காரருடைய சிவப்பு மெஷின். எங்கள் பச்சை எப்போதும் இரண்டாவது. காரணம் எனக்குத் தெரியும், பாய்தான். அவருக்கும் காரணம் தெரியும், நான்தான்.

கார்புரேட்டர் அவருடையது, அதனால் டியூனிங் அவர் கையில். செயின் என்னுடையது, அதனால் அரம் போட்டுப் பல் தீட்டுவது நான். பெட்ரோல் திருகை இன்னும் ஒரு துளி திறங்கள், மெஷின் மூச்சு வாங்குகிறது என்று நான் சொல்வேன். திறந்தால் புகையும், என் மெஷினைப் புகைய விட மாட்டேன் என்பார். ஒவ்வொரு பல்லுக்கும் முன்னால் ஒரு சின்ன மேடு இருக்கும். அதைக் கொஞ்சம் தேய்த்தால் பல் ஆழமாகக் கடிக்கும், தேய் என்று அவர் சொல்வார். என் செயினில் கைவைக்க அவர் யார்? நான் தேய்க்க மாட்டேன். தோப்புக்காரர் தாடையைத் தடவிக்கொண்டே எங்கள் சண்டையை ரசிப்பார். அவருக்கென்ன, ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம்.

போன வருஷக் கடைசியில் ஒரு ஞாயிறு, மெஷினைப் பார்த்துக் குனிந்தபடியே பாய் ஒரு செய்தி சொன்னார். பினாங்கில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் மகன், அத்தாவும் அம்மாவும் இனிமேல் தன்னோடுதான் இருக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறானாம். பட்டறையைக் கைமாற்றியாகிவிட்டதாம். அடுத்த முதல் ஞாயிறுதான் கடைசி. நல்ல மனுஷியாக இருந்தால் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றாவது சொல்லியிருப்பாள். என் வாயில் என்ன வந்தது தெரியுமா?

“அப்ப அந்தச் சாக்கு?”

கண்டக்டர் என்னை முறைத்தார். பாய் நிமிர்ந்து, அதானே பார்த்தேன் என்று சொல்லிவிட்டு மறுபடி குனிந்துகொண்டார். தருகிறேன் என்றும் சொல்லவில்லை, தரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. அந்த மாதம் முழுவதும் எனக்கு அதே நினைப்பு. கொண்டுபோய்விடுவாரோ, யாருக்காவது விற்றுவிடுவாரோ. ஒரு நாள் சாம்பாரில் உப்புப் போட மறந்தேன், மறுநாள் இரண்டு தடவை போட்டேன்.

கடைசி ஞாயிறு வந்தது. கட்டையின் அடிப்பாகத்தைப் போட்டிருந்தார் கண்டக்டர், இரண்டு கையால் கட்டிப்பிடித்தாலும் அடங்காத வாகை. நான் செயினை எடுத்து வைத்தேன். பாய் ஒரு பல்லை விரலால் தடவினார். அப்படியே நின்றார். மேடுகளை எல்லாம் நான் முந்தின நாளே தேய்த்துவைத்திருந்தேன். ஸ்க்ரூடிரைவரை எடுத்தார், பெட்ரோல் திருகை ஒரு துளி திறந்தார். அப்புறம் என்னைப் பார்த்து, இன்னொரு துளியும் திறந்தார்.

“காத்துல கத்துற மெஷினு கட்டையில அழுவும். இது கட்டையில கத்தும், பாரு. அழுத்தாத, அது போக்குல விடு,” என்றார்.

சிவப்பு முதலில் அறுத்தது. நல்ல வேகம், ஆனால் பருத்த நடுப்பாகத்துக்கு வந்ததும் கொஞ்சம் திணறியது. அதுவரை நான் அதைத் திணறப் பார்த்ததே இல்லை. என் முறை. இரண்டு விசில். வெளியே கரகரவென்று முரண்டுபிடித்துக்கொண்டிருந்த பச்சை, மரத்தைத் தொட்டதும் தெளிந்து ஒரே குரலாகக் கத்தியது பாருங்கள், எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. தூளாக வரவில்லை, செதில் செதிலாக வந்து என் முழங்காலில் அடித்தது. நடுப்பாகம் வந்தது தெரியவே இல்லை. அழுத்த வேண்டும் என்று கை துடித்தது. அழுத்தவில்லை. வில்லை விழுந்தது. ஒரு விசில்.

கண்டக்டர் போனைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், பிறகு விசிலை வாயில் வைத்து நிறுத்தாமல் ஊதினார். ஜெயித்துவிட்டோம். தோப்புக்காரர் போனைப் பிடுங்கி அவரே ஒருமுறை பார்த்துவிட்டு, பாயைக் கட்டிக்கொண்டார். நான் சின்னப்பிள்ளை மாதிரி கட்டையின் மேல் ஏறி நின்று கத்தினேன். ரோட்டில் பைக்கில் போனவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். பார்க்கட்டுமே, எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

எல்லோருக்கும் பிரியாணி வரவழைத்திருந்தேன். நான் பரிமாறிக்கொண்டிருந்த நேரத்தில் பாய் வழக்கம்போலத் தன் பாதியைக் கழற்றிச் சாக்கில் போட்டுக்கொண்டார். அதைப் பார்த்ததும் என் பங்குச் சோற்றை அப்படியே மூடிவைத்துவிட்டேன். பஸ் ஏற்றிவிட ரோடுவரைக்கும் போனேன். பஸ் வந்து நின்றது. படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு, சாக்கை என் கையில் திணித்தார்.

“நீயே வச்சுக்க. ரெண்டும் ஒரு எடத்துல இருக்கட்டும்,” என்றார்.

பஸ் போய்விட்டது. நன்றி என்றுகூடச் சொல்லவில்லை நான். சாக்கை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாக ஷெட்டுக்கு வந்தேன். மற்ற இருவரும் கிளம்பியிருந்தார்கள். கார்புரேட்டரை மாட்டினேன், காயிலை மாட்டினேன். அவசரத்தில் நட்டை இரண்டு தடவை கீழே போட்டேன். சக்கரத்தை ஷாஃப்டில் ஏற்றப் போனபோதுதான் பார்த்தேன், கீ இல்லை.

கீ என்பது விரல் நகம் அளவு ஒரு இரும்புத் துண்டு, தேங்காய்ச் சில்லு மாதிரி அரைவட்டமாக இருக்கும். ஷாஃப்டில் ஒரு பள்ளம், அதில் அது உட்கார்ந்து சக்கரத்தை நகரவிடாமல் பிடித்துக்கொள்ளும். அது இல்லாவிட்டால் சக்கரம் சறுக்கிவிடும், தீப்பொறி நேரம் தப்பி அடிக்கும், மெஷின் ஓடாது. சாக்கை உதறினேன். உள்ளே கையை விட்டுத் துழாவினேன். தரையில் தவழ்ந்து காந்தத்தால் தேடினேன். ஆணிகள் வந்தன, கீ வரவில்லை. போன் போட்டேன். பஸ் ஹாரன் சத்தத்துக்கு நடுவில் பாய் எடுத்தார்.

“பாய், கீ விழுந்துருச்சு போல, காணோம்,” என்றேன்.

“விழுகல. எஞ் சட்டப்பையில இருக்கு.”

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஓடாத மெஷினைக் கொடுத்துவிட்டுப் போவதற்குப் பதில் சாக்கையே கொண்டுபோயிருக்கலாமே என்று கத்தினேன்.

“சாக்க பிளேன்ல ஏத்தமாட்டான் தங்கச்சி. இது பையில கெடக்கும்.” பஸ் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தினார். “நோன்புப் பெருநாளைக்கு வருவேன்ல. வந்து மாட்டி ஓட்டுவோம். எனக்கும் வரதுக்கு ஒரு காரணம் வேணும்ல.”

கல்லுளிமங்கன் என்று அவர் காதில் விழும்படியே திட்டிவிட்டுப் போனை வைத்தேன். அப்புறம் தரையிலேயே உட்கார்ந்து சிரித்தேன். சிரித்துக்கொண்டே அழுதேன். கிரீஸ் கையால் துடைத்ததில் முகமெல்லாம் கறுப்பு. என் வீட்டுக்காரர் வந்து பார்த்துவிட்டு, சோப்பை எடுத்துக்கொடுத்தார்.

புதுக்கோட்டையில் எந்த லேத் பட்டறைக்குப் போனாலும், நான் ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் அந்தக் கீயைக் கடைந்து கொடுத்துவிடுவார்கள். அது பாய்க்கும் தெரியும். வாரத்துக்கு இரண்டு தடவை அந்தப் பட்டறைகளைத் தாண்டித்தான் போகிறேன். உள்ளே போகவில்லை. மரவாடியில் நல்ல பருத்த வாகை ஒன்றை ஓரமாக உருட்டி, தார்ப்பாய் போட்டு மூடிவைத்திருக்கிறேன். யார் விலை கேட்டாலும், அது விற்றாகிவிட்டது என்கிறேன்.