வீராசாமி வீட்டு ஃபேன்

பட்டாபிராமில் வயரிங் வேலை செய்யும் சுதாவுக்கு முப்பத்தெட்டு வயது. ஐ.டி.ஐ.யில் ஒயர்மேன் படித்தவள். இந்தப் பதினைந்து வருடத்தில் அவள் புதிதாகச் செய்த வேலையைவிட, அடுத்தவர் அரைகுறையாக விட்டுப்போனதைப் பிரித்துச் சரிசெய்ததுதான் அதிகம். வீராசாமி வீட்டில் அவள் பொறுமையே போய்விட்டது.

வீராசாமி ஆவடியில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டுக்கு மாடி எடுத்தபோது கான்கிரீட்டில் ஃபேன் கொக்கி வைக்க மறந்துவிட்டார்கள். அதன் கீழே பளபளவென்று ஃபால்ஸ் சீலிங்கும் போட்டாகிவிட்டது. அப்புறம்தான் ஃபேன் மாட்ட சுதாவைக் கூப்பிட்டார்.

"அந்த சீலிங் ஃப்ரேம்லயே மாட்டும்மா. அதான் கம்பி கீதே," என்றார்.

"அது அட்டையத் தாங்கறதுக்குப் போட்ட கம்பி சார். சுத்தற ஃபேனைத் தாங்காது. சீலிங்கை அறுத்து, மேல தளத்துல ஓட்டை போட்டு, ஆங்கர் போல்ட்ல கொக்கி மாட்டணும்."

"புது சீலிங்கை அறுக்கறதா? இன்னாம்மா, வெளாடுறியா? முப்பது வருசம் இரும்போட கெடந்தவன் நான்."

சுதா பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

பத்தே நாளில் வீராசாமியிடமிருந்து போன் வந்தது. சுதா போய்ப் பார்த்தாள். யாரோ ஒருவர் அதே ஃப்ரேமில் ஃபேனை மாட்டிவிட்டுப் போயிருந்தார். ரெகுலேட்டரை மூன்றில் வைத்தாலே சீலிங் முழுக்கக் குலுங்கியது. அட்டையில் வட்டமாக விரிசல். நேர் கீழே கட்டில்.

"லைட்டாதான் ஆடுது. டைட் பண்ணிட்டா போதும்ல?"

"சார், எறங்கி வர்ற ஃபேனை எங்க டைட் பண்றது?"

சீலிங்கை அறுக்க வீராசாமி அரைமனதாகத் தலையாட்டினார். சுதா கீழே போய் மெயின் போர்டில் மாடி லைனை அணைத்து, யாரும் தொடக்கூடாது என்று எல்லாரிடமும் சொல்லிவிட்டு ஏணியில் ஏறினாள். ஃபேன் மூடியைக் கழற்றி, வயரைத் தொடுவதற்கு முன் பழக்கத்தில் டெஸ்டரை வைத்தாள். அதன் விளக்கு எரிந்தது.

இறங்கி ஓடினாள். போர்டு பக்கத்தில் வீராசாமியின் மனைவி பொன்னியம்மா நின்றிருந்தார்.

"மேல ஃப்ரிட்ஜ்ல மீன் கீதும்மா. கெட்டுடும்னு போட்டேன்."

சுதா படியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தாள். பிறகு வெடித்தாள்.

"தொட்டிருந்தா இந்நேரம் நான் இல்லம்மா! எத்தினி வாட்டி சொல்லிட்டுப் போனேன்? மீனு பெருசா, நான் பெருசா?"

பொன்னியம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். வீராசாமி லைனைத் தானே அணைத்தார். பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றை இழுத்துவந்து போர்டுக்கு அடியில் போட்டு உட்கார்ந்தார்.

"நீ போய் வேலையப் பாரும்மா. இத்தத் தாண்டி எவன் கை வைக்கிறான்னு பாக்கறேன்."

மூன்று மணி நேரம் அவர் எழுந்திருக்கவில்லை. துளை போட மட்டும் கீழ் வீட்டு பிளக்கிலிருந்து வயர் இழுத்துக் கொடுத்தார்கள். சுதா சீலிங்கைச் சதுரமாக அறுத்து, கான்கிரீட்டில் போல்ட்டை இறுக்கி, கொக்கியை இரண்டு கையாலும் பிடித்துத் தன் முழு எடையோடு தொங்கிப் பார்த்தாள். அது அசையவில்லை. நீளமான ராடு போட்டு ஃபேனை மாட்டினாள். கொக்கி விட்டாலும் ஃபேன் விழாதபடி தனியாக ஒரு இரும்புக் கயிற்றையும் தளத்தோடு சேர்த்துக் கட்டினாள்.

ஐந்தில் வைத்தபோதும் ஃபேன் சத்தமில்லாமல் சுற்றியது. வீராசாமி அண்ணாந்து வெகுநேரம் பார்த்தார்.

"எல்லாம் சரி. அந்த ஓட்டைதான் அசிங்கமா கீது."

சுதா டிரில்லைப் பைக்குள் திணித்தாள்.

"சீலிங் போட்டவரக் கூப்புடுங்க சார். அவரு போல்ட்டுல மட்டும் கை வைக்காம பாத்துக்குங்க."